மாலை போட்டு நிறுத்துவதா, சும்மா ஒரு மாதம் நிறுத்துவதா?

அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி. தமிழ்நாடு முழுக்க டாஸ்மாக் கடைகள் மூடியிருக்கும். மூன்று வருடங்களுக்கு முன், அக்டோபர் 1 இரவு ஒன்பது மணிக்கு, எங்கள் ஏரியா கடை வரிசையில் நாற்பது பேருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் மடித்த மஞ்சள் பை. அன்றைக்குக் குடிப்பதற்காக நான் போகவில்லை, மறுநாளைக்கு வாங்கி வைக்கப் போயிருந்தேன். ஒரு நாள் கடை இல்லை என்பதற்காக இத்தனை பேர் இப்படி நெருக்கியடித்து நிற்கிறார்களே என்று முதலில் பரிதாபமாக இருந்தது. அந்த இத்தனை பேரில் நானும் ஒருவன் என்பது பணத்தை நீட்டும்போதுதான் உறைத்தது.

நான் தினமும் குடிக்கிறவன் இல்லை. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு. குடியால் வேலைக்கு லீவு போட்டதில்லை, வீட்டில் கை ஓங்கியதில்லை, ரோட்டில் விழுந்ததில்லை. "நம்ம கன்ட்ரோல்லதான் இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டு திரியும் பெரிய கூட்டத்தில் ஒருவன். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம், அப்புறம் எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வோம் என்று யாருக்காவது தோன்றினால், எந்த வழியில் நிறுத்துவது? குறைத்துப் பார்த்திருக்கிறேன், மாலை போட்டிருக்கிறேன், எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு மாதம் நிறுத்தியும் இருக்கிறேன். மூன்றும் ஒன்றுபோல் இல்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். காலையில் எழுந்ததும் உங்களுக்குக் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிந்ததா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், நான் கீழே சொல்லும் எதையும் வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். பல வருடம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 2 நாட்களுக்குள் வரும். அதன் பிறகு, 2-ம் நாளிலிருந்து 4-ம் நாளுக்குள், சிலருக்கு நேரம் காலம் இடம் எதுவும் தெரியாத குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான், தினமும் ஒரு ஆஃப் குடித்துக்கொண்டிருந்தவர், கார்த்திகை 1 அன்று மாலை போட்டார். மறுநாள் ராத்திரி வெட்டு வந்து விழுந்தார். சுத்தபத்தமாக இல்லாமல் மாலை போட்டதால் சாமி குத்தம் ஆகிவிட்டது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு டாக்டர். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள், கூடவே பி1 வைட்டமின் போடுவார்கள், ஒரு வாரம் பத்து நாளில் ஆபத்தான கட்டம் தாண்டிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இதைச் செய்கிறது, மதுரையில் ராஜாஜி மருத்துவமனையிலும் உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

கை நடுங்கவில்லை, ஆனாலும் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியவேண்டும் என்கிறவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 10 கேள்வி, மொத்தம் 40 மார்க். 8-ஐத் தொட்டாலே குடி கெடுதலான அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். 20-ஐத் தொட்டால் அநேகமாக அடிமையாகிவிட்ட நிலை, டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். எனக்கு 13 வந்தது. ஐந்துக்குள் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

நான் தவறிய இடம் அளவு. "ஒரு குவாட்டர்தான்" என்று எப்போதும் சொல்வேன், அதை 'ஒன்று' என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லியில் அது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கு வைப்பது 10 கிராமை. ஆக ஒரு குவாட்டர் என்பது ஆறு டிரிங்க். பிரிட்டனில் ஆணோ பெண்ணோ ஒரு வாரம் முழுவதற்கும் தாண்டக்கூடாது என்று சொல்லும் அளவு 112 கிராம். இரண்டு குவாட்டரிலேயே அது தாண்டிவிடும். நான் மூன்று, நான்கு குவாட்டர் அடித்துவிட்டு 'அளவாகக் குடிக்கிறவன்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். தொழில் கணக்கு எழுதுவது, இதில் மட்டும் கணக்குத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் தேர்ந்தெடுப்பது குறைப்பதைத்தான். நிறுத்துகிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, கூட்டாளிகளை விட்டு விலக வேண்டியதில்லை. நானும் "சனிக்கிழமை மட்டும்" என்று வைத்தேன். மூன்றாவது வாரம் சனிக்கிழமை ஒரு துக்க வீடு, அதனால் ஞாயிறுக்கு மாற்றினேன். அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சம்பளம், அதுவும் சேர்ந்துகொண்டது. ஒன்றரை மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். மன உறுதி இல்லாதவன் என்று அப்போது என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. குறைப்பதில் ஒவ்வொரு நாளும் ஒரு பேரம் நடத்த வேண்டியிருக்கிறது. இரண்டாவது ரவுண்டு போதுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவன், ஏற்கெனவே ஒரு ரவுண்டு உள்ளே போனவன். அவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தது என் தப்பு. அதோடு, குடித்துக்கொண்டே இருக்கும்போது குடி நமக்கு என்ன செய்கிறது என்பது தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கக் குடிக்காத நாட்கள் வரிசையாகக் கொஞ்சம் வேண்டும். ஆடிட்டில் 8-க்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் குறைப்பது போதும் என்று நினைக்கிறேன். எனக்குப் போதவில்லை.

அடுத்தது மாலை. நம் ஊரில் இதைவிடப் பலமான ஏற்பாடு இல்லை என்று மனதாரச் சொல்வேன். நான்கு வருடம் போட்டிருக்கிறேன், 41 நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. தொட வேண்டும் என்ற போராட்டம்கூட இல்லை. கழுத்தில் துளசி மணி ஏறிவிட்டால் ஊரே நமக்குக் காவல். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால். முந்தின வாரம்வரை "பங்காளி, ஒரு ரவுண்டு" என்று தோளில் கை போட்டவன், இப்போது இரண்டடி தள்ளி நின்று "சாமி, சாப்டீங்களா?" என்கிறான். யாரும் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இதன் அருமை மாலை இல்லாமல் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் தவக்காலத்தில் 40 நாள் நிறுத்துவார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது.

ஆனால் நான்காவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மலைக்குப் போய்த் திரும்பி வந்ததும் அம்மா மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்துக்குச் சாத்தினார். மதியம் சாப்பிட்டுத் தூங்கினேன். ராத்திரி ஒன்பதுக்கு நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு வழக்கமான ஒரு குவாட்டர்தான் குடித்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு எப்படி வீடு வந்தேன் என்று மறுநாள் நினைவில்லை. 41 நாள் இடைவெளியில் உடம்பின் தாங்கும் அளவு இறங்கியிருந்தது, நான் பழைய அளவையே ஊற்றியிருந்தேன். எந்த வழியில் நிறுத்தினாலும் இந்த ஆபத்து உண்டு. மாலையில் இது கூடுதல், ஏனென்றால் முடிகிற நாளை எல்லோரும் சேர்ந்து எதிர்பார்க்கிறோம், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கொண்டாடுகிறோம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் எனக்கு வேலை. ராத்திரி எட்டே காலுக்குக் கல்லாவை டேலி செய்ய வேண்டும். மாலை போட்ட நாட்களில் முதலாளி, "சாமி, பஜனைக்கு நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்று ஆறரைக்கே அனுப்பிவிடுவார். கல்லாவை அவரே பார்த்துக்கொள்வார். அதாவது, எனக்குக் குடி தேவைப்படும் நேரத்தை அந்த 41 நாளும் நான் சந்திக்கவே இல்லை. என்னால் நிறுத்த முடியும் என்று மாலை எனக்குக் காட்டியது. எதற்காகக் குடிக்கிறேன் என்று அதற்குக் காட்டத் தெரியவில்லை, காட்டுவது அதன் வேலையும் இல்லை. சாமிக்காக இருக்கும் விரதத்தில் என் குடியைப் பரிசோதிக்க நினைத்தது நான்தான்.

கயிறு கட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். சில கோயில்களில் இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். பயம் இருக்கிறவரை நிற்கிறது. ஒரு நாள் தவறிவிட்டால், "சத்தியம் போச்சு, இனி என்ன" என்று முன்பைவிட மோசமாகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யோசித்துப் பார்ப்பதற்கான இடைவெளியாக இதை நான் சொல்லமாட்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் பொடியோ மாத்திரையோ கலந்து கொடுக்கிறார்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகிற மாத்திரை டாக்டர்களிடமும் உண்டுதான். ஆனால் அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடத்து, ஆளே போய்விடலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது.

கடைசியாக நான் செய்தது, எந்தக் காப்பும் இல்லாமல் 30 நாள். இதை ஒரு பழக்கமாகப் பிரபலமாக்கியது பிரிட்டன்காரர்கள். 2013-ல் அங்கே 'டிரை ஜனவரி' என்று ஆரம்பித்தபோது ஏறத்தாழ 4,000 பேர் சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் குடித்து முடித்த பிறகு ஜனவரி முழுக்க நிறுத்துவது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டி விஸ்ஸர் என்ற ஆய்வாளர் 2018-ல் இதில் கலந்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார். வாரத்துக்கு 4.3 நாள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆகஸ்ட் மாதத்தில் 3.3 நாளுக்கு வந்திருந்தார்கள். நிறுத்தியது ஒரு மாதம், ஆறேழு மாதம் கழித்தும் அதன் பலன் மிச்சம் இருந்தது. அவர்கள் தாங்களாகவே விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், பிடித்துத் தள்ளப்பட்டவர்களுக்கும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை டாக்டர்கள் ஒரு மாதம் நிறுத்திய 94 பேரைப் பரிசோதித்து அதே 2018-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோய்க்கு வழிவிடும் இன்சுலின் எதிர்ப்பு கால்பங்கு குறைந்திருந்தது, ரத்த அழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. தொப்பையும் பிரஷர் மாத்திரையுமாக இருக்கும் நம் வயசு ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஜனவரி நமக்கு ஒத்துவராது, பொங்கல் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது ஆனி மாதம். விரதமும் இல்லை, பண்டிகையும் இல்லை. ஒரு பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு, ஆசை வந்த நேரம், அப்போது எங்கே இருந்தேன், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதினேன். இதை எழுதாமல் நிறுத்துவதில் பாதிப் பிரயோஜனம்தான்.

முதல் வாரம் தூக்கம் கெட்டது. ராத்திரி ஒன்றரைக்கு விழிப்பு, அப்புறம் வரிசையாகக் கனவு. குடித்துவிட்டுப் படுத்தால் சீக்கிரம் தூங்கிவிடுவோம், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை அது உடைத்துவிடும். அந்த உடைந்த தூக்கத்துக்கே பழகிப்போன உடம்பு சரியாக நாளாகிறது. பத்தாவது நாள் காலை ஆறு மணிக்கு அலாரம் இல்லாமல் எழுந்தேன். நோட்டில் 'தலை லேசாக இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பதினேழாம் நாள் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. கிடா வெட்டு. தோப்புக்குப் பின்னால் பாய் விரித்து, தட்டில் ஈரல் வறுவலும் அவித்த முட்டையும், பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர் அடுக்கு. என் மச்சான் ஊற்றிக்கொண்டே, "மாப்ள, உட்காருங்க" என்றார். மாலை இல்லை, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. "இந்த மாசம் இல்ல மச்சான்" என்றேன். "ஏன், உடம்புக்கு ஏதும்?" "உடம்புக்கு ஒண்ணுமில்ல. நிறுத்திப் பாக்குறேன்." இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள், வயசில் மூத்தவர், டம்ளரைக் கையில் வைத்தபடியே, "எத்தனை நாளாச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். பதினேழு என்றேன். அவர் அப்புறம் பேசவில்லை, ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் எனக்கு மறக்கவில்லை. ஈரலை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். 41 நாளில் ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத 'வேண்டாம்' என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் சொல்லிப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டியபோதுதான் அதிர்ச்சி. சனிக்கிழமை சந்தோஷத்துக்குக் குடிக்கிறேன் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். ஆசை பலமாக வந்ததாக எழுதியிருந்தது ஒன்பது நாள், அதில் ஏழு நாள் கல்லா டேலி ஆகாத நாள். முக்கால்வாசி வியாழக்கிழமை, அன்றைக்கு வசூல் பணம் வரும், கணக்கு இடிக்கும், ஐந்நூறு குறைந்தாலும் முதலாளி முகம் மாறும். எட்டே காலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத அரைமணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அதை நான் பாரில் வாங்கிக்கொண்டிருந்தேன். இதை மனைவியிடம் சொன்னபோது, "ஏங்க, அந்த அரைமணிய மொட்டை மாடியில உட்காருங்க, நான் யாரையும் மேல விடமாட்டேன்" என்றாள். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் கேட்டிருக்க வேண்டிய விஷயம், கேட்கத் தோன்றியதே இல்லை. ரத்தப் பரிசோதனையும் மாதத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று எடுத்தேன். கல்லீரல் பரிசோதனையில் ஜிஜிடி என்று ஒரு வரி வரும், குடித்தால் ஏறும், நிறுத்தினால் வாரக்கணக்கில் இறங்கும். எனக்கு 92 இருந்தது 51 ஆனது.

ஆகவே என் கட்சி இதுதான்: கை நடுங்காத, ஆனால் மனதுக்குள் ஒரு உறுத்தல் இருக்கிற ஆளுக்குக் காப்பில்லாத 30 நாள்தான் சரியான வழி. சம்பள நாளும் ஒரு விசேஷமும் உள்ளே வருகிற சாதாரண மாதமாகப் பார்த்து எடுங்கள். 31-ம் நாள் என்ன செய்வது என்பதை 31-ம் நாள் காலையில், வீட்டில் உட்கார்ந்து, எழுதி முடிவு செய்யுங்கள். மறுபடி குடிப்பதென்றால் பழைய அளவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வண்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பத்து நாள்கூடத் தாண்ட முடியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு டாக்டரிடமோ, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கோ போகலாம். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் ஆரம்பித்த அந்த அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழில் நடக்கின்றன. பேர் ஊர் கேட்கமாட்டார்கள், கட்டணமும் இல்லை.

நான் அதற்குப் பிறகு மேலும் இரண்டு மாதம் நீட்டித்தேன். இப்போது வருடத்துக்கு நான்கைந்து முறை குடிக்கிறேன், வியாழக்கிழமை மட்டும் தொடுவதில்லை.

எங்கள் குழுவில் பதினோரு வருடமாக மாலை போடும் நண்பர் ஒருவர் போன மாதம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். அவருக்கு மாலையை விட மனமில்லை, விடவும் கூடாது. இந்த வருடம் மாலை கழற்றிய மறுநாளிலிருந்து, வேட்டி மாற்றி, செருப்புப் போட்டு, எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளாக இன்னும் 30 நாள் இருந்து பார்க்கப் போகிறேன் என்றார். நடுவில் பொங்கல் வருகிறது. புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் முதல் பக்கத்தில், மாட்டுப்பொங்கல் அன்று மதியம் எங்கே இருக்கப் போகிறேன், யாரோடு, என்று எழுதிவிட்டுக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறார்.